அப்போலோ 11 இறங்கிய நேரம்: ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறைப் பதிவைக் கேட்பது எப்படி

நிலவில் இறங்கும்போது ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் பேசியதைப் பலர் கேட்டிருப்பார்கள். அதே பன்னிரண்டரை நிமிடத்தில் ஹூஸ்டனில் இருந்த கட்டுப்பாட்டாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. இன்று யாரும் அதை இலவசமாகக் கேட்கலாம். ஆனால் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் கேட்டால் புரியாத பெயர்களும் எண்களும் ‘கோ’ (தொடரலாம்) என்ற சொல்லும்தான் காதில் விழும். பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவீர்கள்.

கேட்கத் தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். அந்த அறையில் அன்றைக்குப் புதிதாக எடுக்கப்பட்ட முடிவுகள் குறைவு. மாதக்கணக்கில் வாதாடி, எழுதி, ஒத்திகை பார்த்து வைத்த முடிவுகளை நொடிக் கணக்கில் எடுத்துப் பயன்படுத்துவதுதான் அவர்கள் வேலை. ஒவ்வொரு ‘கோ’வுக்குப் பின்னாலும் காகிதத்தில் எழுதிய ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை என்ன என்று தெரிந்துகொண்டு கேட்டால், உணர்ச்சியே இல்லாதது போல ஒலிக்கும் அந்தக் குரல்கள் என்ன செய்கின்றன என்பது விளங்கும்.

எதைத் திறப்பது, எப்படி வைத்துக்கொள்வது

கட்டுப்பாட்டு அறையின் ஹெட்செட் பேச்சுகள் 30 தடங்கள் கொண்ட காந்த நாடாக்களில் பதிவாயின. பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த அவற்றைப் படிக்க சவுண்ட்ஸ்க்ரைபர் என்ற பழைய கருவியை விட்டால் வேறு வழியில்லை. டல்லாஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகக் குழு அந்தக் கருவியில் 30 தடங்களையும் ஒரே ஓட்டத்தில் படிக்கும்படி மாற்றம் செய்து டிஜிட்டலாக்கியது. ‘அப்போலோ இன் ரியல் டைம்’ என்ற இணையதளத்தில் இவை பயண நேரத்தோடு பொருத்தப்பட்டிருக்கின்றன. விரும்பிய மேசையின் தடத்தைத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம்.

மூன்று தடங்கள் போதும். முதலாவது வீரர்களோடு பேசும் வான்-தரைத் தடம். இரண்டாவது ஃப்ளைட் டைரக்டர் தடம். அறைக்குள் இதை ‘ஃப்ளைட் லூப்’ என்பார்கள். மூன்றாவது கைடன்ஸ் (வழிகாட்டல்) மேசையின் பின்னறைத் தடம். முதல் சுற்றில் ஃப்ளைட் லூப்பை மட்டும் கேளுங்கள். இரண்டாம் சுற்றில் வான்-தரைத் தடத்தைக் கேளுங்கள். மூன்றாம் சுற்றில் கைடன்ஸ் தடம். எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் கலந்து கேட்டால் யார் பேசுகிறார் என்பதே பிடிபடாது. கட்டுப்பாட்டாளர்கள் ஒரே நேரத்தில் நான்கைந்து லூப்களைக் காதில் வாங்கிக்கொண்டு, தங்கள் பெயர் அடிபடும்போது மட்டும் திரும்புவார்கள். அது நீண்ட பயிற்சியில் வந்த திறமை.

நேரத்தை ஜிஇடி என்ற கணக்கில் பாருங்கள். ராக்கெட் கிளம்பிய நொடியிலிருந்து ஓடும் கடிகாரம் அது. இறங்கும் எஞ்சின் எரியத் தொடங்கியது 102:33:05. தரையைத் தொட்டது 102:45:40. நம்மூர் நேரப்படி 1969 ஜூலை 21 அதிகாலை 1.47. பதிவை 102:10 வாக்கில் தொடங்குங்கள். எஞ்சின் எரியும் நொடியில் தொடங்கினால் பாதிக் கதை போய்விடும்.

வான்-தரைத் தடத்தில் ‘பீப்’ என்று வரும் ஒலி வீரர்களிடமிருந்து வருவதல்ல. ஹூஸ்டனில் பேசும் பொத்தானை அழுத்தும்போது 2525 ஹெர்ட்ஸிலும் விடும்போது 2475 ஹெர்ட்ஸிலும் கால் நொடி ஒலி போகும். ஸ்பெயினிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் நிலையத்தின் ஒலிபரப்பியைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் திறக்கவும் மூடவும் அதுதான் சாவி. அதனால் பீப்புக்குப் பின் வரும் குரல் ஹூஸ்டனுடையது என்று நம்பலாம். வீரர்களின் பதில் குறைந்தது 2.6 நொடி கழித்துத்தான் வரும்; ரேடியோ அலை நிலவுக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம் அது. அந்த இடைவெளியைத் தயக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குரல்களை அடையாளம் காண

அறையில் நான்கு வரிசை. யார் எந்த வரிசை என்பதைவிட யார் எந்த எண்ணுக்குப் பொறுப்பு என்பதை எழுதி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்வரிசைக்கு ‘ட்ரெஞ்ச்’ என்று பெயர். பாதையைப் பார்ப்பவர்கள் அங்கே. ஃபிடோ மேசையில் ஜே கிரீன்: கலம் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது. ரெட்ரோ மேசையில் சக் டெய்ட்ரிச்: கைவிட்டுத் திரும்ப வேண்டுமானால் எப்படி. கைடோ மேசையில் 26 வயது ஸ்டீவ் பேல்ஸ்: கலத்தின் கணினியும் வழிகாட்டலும். ஃப்ளைட் லூப்பில் அவரைக் ‘கைடன்ஸ்’ என்றே அழைப்பார்கள்.

இரண்டாம் வரிசையில் கலத்தின் உறுப்புகளைப் பார்ப்பவர்கள். கன்ட்ரோல் என்பவர் பாப் கார்ல்டன். இறங்கு கலத்தின் எஞ்சின், எரிபொருள், திசைக் கட்டுப்பாடு எல்லாம் அவரிடம். டெல்காம் டான் படி. மின்சாரம், உயிர்காப்பு, தொடர்பு. ஈகாமும் ஜிஎன்சியும் மேலே சுற்றிக்கொண்டிருந்த தாய்க் கலமான கொலம்பியாவைப் பார்த்தார்கள். கேப்காம் சார்லி டியூக். அவரும் விண்வெளி வீரர். இறங்கும் நேரத்தில் வீரர்களோடு பேசும் குரல் அவருடையது மட்டுமே. சர்ஜன் என்பவர் மருத்துவர்.

மூன்றாம் வரிசையில் ஃப்ளைட், அதாவது ஃப்ளைட் டைரக்டர் ஜீன் கிரான்ஸ். பயண விதிகளின்படி, பயணம் வெற்றியாக முடியத் தேவையான எந்த நடவடிக்கையையும் எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

பதிவில் முகமே தெரியாதவர்கள்தான் மிகவும் முக்கியம். ஒவ்வொரு மேசைக்கும் பின்னறையில் ஒரு குழு உண்டு. முன்னால் இருப்பவரின் திரையில் சில பக்க எண்கள்தான் வரும். பின்னறையில் அதே துறையை இன்னும் நுணுக்கமாக நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேல்ஸின் பின்னறையில் இருந்தவர் 24 வயது ஜாக் கார்மன். அவர் குரல் ஃப்ளைட் லூப்பில் கேட்காது. மூன்றாம் சுற்றில் கைடன்ஸ் தடத்தைத் திறக்கச் சொன்னது அவருக்காகத்தான்.

விதிப் புத்தகத்தைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்

பயண விதிகள் என்பது அட்டவணையாக அச்சான புத்தகம். என்ன கோளாறு, பயணத்தின் எந்தக் கட்டம், என்ன செய்ய வேண்டும், எந்த அறிகுறியை வைத்து உறுதி செய்வது என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசியில் சொன்ன அறிகுறிதான் உயிரானது. ஓர் எண் தவறாக வந்தால் கெட்டுப்போனது பொருளா, அதை அளக்கும் சென்சாரா? இரண்டாவது சாட்சி இல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்பதை இந்தத் துறை வலியோடு கற்றுக்கொண்டது.

1960 நவம்பர் 21-ஆம் தேதி கேப் கெனவரலில் ஆளில்லாத மெர்க்குரி-ரெட்ஸ்டோன் 1 ராக்கெட் சில அங்குலம் எழுந்து, எஞ்சின் அணைந்து, மறுபடி தளத்திலேயே உட்கார்ந்தது. வால் பக்கத்து மின் இணைப்புகள் தவறான வரிசையில் பிடுங்கப்பட்டதுதான் காரணம். மேலே இருந்த தப்பிக்கும் கோபுரம் மட்டும் தனியாகப் பறந்துபோனது, பாராசூட் வெளியே வந்து தொங்கியது. எரிபொருள் நிறைந்த ராக்கெட்டைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. தொட்டியைத் துப்பாக்கியால் சுட்டு அழுத்தத்தை வெளியேற்றலாம் என்ற யோசனைகூட வந்தது. கடைசியில் எதுவும் செய்யாமல் மின்கலம் தீரும்வரை காத்திருந்தார்கள். மறுநாள் காலை பாதுகாப்பாக இறக்கினார்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் எதுவும் செய்யாதே என்பது அதன் பின் கட்டுப்பாட்டாளர்களின் அடிப்படைப் பாடமானது. முதல் ஃப்ளைட் டைரக்டரான கிறிஸ் கிராஃப்ட் அதை எல்லோர் தலையிலும் ஏற்றினார்.

1962 பிப்ரவரி 20-ஆம் தேதி ஜான் கிளென் பூமியைச் சுற்றியபோது வந்தது இன்னொரு பாடம். ‘செக்மென்ட் 51’ என்ற ஒரே ஒரு டெலிமெட்ரி (கலம் தரைக்கு அனுப்பும் அளவீட்டுத் தரவு) சமிக்ஞை, வெப்பக் கவசம் கழன்றுவிட்டது என்று சொன்னது. கவசத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று, கழற்றிவிட வேண்டிய பின்னுந்து ராக்கெட் கட்டை அப்படியே வைத்துக் கீழே இறக்கினார்கள். அது எரிந்து துண்டு துண்டாக ஜன்னலைத் தாண்டிப் பறந்தது. பழுது கவசத்தில் இல்லை, சுவிட்சில் இருந்தது. இரண்டாவது சாட்சி இல்லாத ஒற்றைச் சமிக்ஞையை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு, அதன் பிறகு வந்த விதிகளில் பெரிய இடம் கிடைத்தது.

மெர்க்குரி காலத்தில் பெர்முடா, கானோ, சான்சிபார், முச்சியா என்று உலகம் முழுக்க நிலையங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் குழுவை உட்கார வைத்திருந்தார்கள். கலம் ஒரு நிலையத்தின் தலைக்கு மேல் கடக்கச் சில நிமிடங்கள்தான். மற்ற நேரம் டெலிடைப் செய்திதான். அப்போலோவில் கோல்ட்ஸ்டோன், மாட்ரிட், ஹனிசக்கிள் கிரீக் ஆகிய இடங்களின் 26 மீட்டர் ஆன்டெனாக்கள் வழியாக டெலிமெட்ரி உடனுக்குடன் ஹூஸ்டனுக்கு வந்தது. அதனால்தான் முடிவெடுப்பவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார முடிந்தது.

எரிப்புக்கு முன்: 102:10 முதல்

கலம் நிலவின் பின்புறத்தில் இருக்கிறது. டெலிமெட்ரி கிடையாது. அறைக் கதவுகள் பூட்டப்படுகின்றன. கட்டடத்தின் மின் பிரேக்கர்கள் தானாக விழாதபடி மூடி வைக்கப்படுகின்றன. இறங்கும் நேரத்தில் மின்சாரம் போவதைவிட ஏதோ ஒன்று சூடாவது பரவாயில்லை என்ற கணக்கு.

இறங்கு கலமான ஈகிள் வெளியே வந்ததும் தொடர்பு தடுமாறுவதைக் கேட்பீர்கள். குரல் உடைகிறது, டெலிமெட்ரி விட்டு விட்டு வருகிறது. இந்த இடத்தில் டெல்காமும் கன்ட்ரோலும் தவிப்பதைக் கவனியுங்கள். தரவு இல்லையென்றால் அவர்களால் ‘கோ’ சொல்ல முடியாது. இறங்கு எரிப்புக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்பு கிரான்ஸ் எல்லோரிடமும் வாக்கெடுக்கிறார். தொடர்பு போவதற்கு முன் கடைசியாகப் பார்த்த தரவை வைத்துச் சொல்லுங்கள் என்கிறார். அந்த ஒரு வாக்கியம்தான் வாக்கெடுப்பையே சாத்தியமாக்கியது. ரெட்ரோ, ஃபிடோ, கைடன்ஸ், கன்ட்ரோல், டெல்காம், ஜிஎன்சி, ஈகாம், சர்ஜன் என்ற வரிசையைத் தாளில் எழுதி, ஒவ்வொரு ‘கோ’வையும் கேட்கும்போது டிக் செய்யுங்கள். இரண்டு முறை செய்தால் குரல்கள் பழகிவிடும்.

‘கோ’ முடிவான பின்பும் டியூக்கால் அதை ஈகிளுக்கு நேராகச் சொல்ல முடியவில்லை. கொலம்பியாவில் இருந்த மைக்கேல் காலின்ஸ் வாங்கி அனுப்புகிறார். கலத்தைப் பத்து டிகிரி வலது பக்கம் திருப்பினால் ஆன்டெனா நன்றாகப் பார்க்கும் என்ற யோசனையும் அப்படித்தான் போகிறது. வான்-தரைத் தடத்தில் இதைத் தனியாகக் கேட்டால் ஏதோ குழப்பம் போலிருக்கும். ஃப்ளைட் லூப்போடு சேர்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் தெரியும்.

முதல் நான்கு நிமிடம்: எண்ணையல்ல, அதன் போக்கைப் பாருங்கள்

எஞ்சின் முதல் 26 நொடி 10 சதவீத விசையில் எரிந்து, பிறகு முழு விசைக்குப் போகும். இந்த வாக்கில் பேல்ஸ் ஒரு செய்தி சொல்கிறார்: மேல்-கீழ் வேகத்தில் பிழை இருக்கிறது, கைவிடும் எல்லையில் பாதி தூரம் வந்துவிட்டோம்.

அவருடைய எல்லை நொடிக்கு 35 அடி. கலத்தின் கணினி நினைக்கும் வேகத்துக்கும் பூமியிலிருந்து அளந்த வேகத்துக்கும் இடையே அவர் பார்த்த வித்தியாசம் ஏறக்குறைய 20 அடி. இங்கே பதிவை நிறுத்தி யோசியுங்கள். நீங்கள் அந்த மேசையில் இருந்தால் அடுத்து எதைப் பார்ப்பீர்கள்?

பேல்ஸ் பார்த்தது அந்த எண் வளர்கிறதா என்பதை. வளர்ந்தால் வழிகாட்டும் கருவியே கெட்டுப்போகிறது, எல்லையைத் தொடும் முன்பே மனத்தைத் தயார் செய்ய வேண்டும். அப்படியே நின்றால், கருவி சரி. தொடக்கத்தில் கொடுத்த இடக் கணக்குதான் தப்பு. எண் நின்றது. கலங்கள் பிரியும்போது இணைப்புச் சுரங்கத்தில் எஞ்சியிருந்த காற்று கொடுத்த சிறு உதைப்பு போன்ற காரணங்களால் ஈகிள் நினைத்த இடத்துக்குச் சற்று முன்னால் போயிருந்தது. அதன் விளைவு கடைசியில் தெரியும்: திட்டமிட்ட இடத்தைத் தாண்டி 6 கிலோமீட்டருக்கு மேல் போய், பாறைகள் நிறைந்த பள்ளத்தின் மேல் ஆம்ஸ்ட்ராங் இடம் தேட வேண்டியதாயிற்று. கடைசி நிமிட எரிபொருள் பதற்றத்தின் வேர் இந்த 20 அடியில் இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் தவற விடும் இடமும் இதுதான்.

102:38: அலாரம்

தரையிறங்கும் ரேடார் நிலவின் தரையைப் பிடித்துவிட்டது. கணினி நினைக்கும் உயரத்துக்கும் ரேடார் சொல்லும் உயரத்துக்கும் சுமார் 2900 அடி வித்தியாசம். இரண்டும் கண்மூடித்தனமாகக் கலக்கப்படாது; பேல்ஸ் ஒப்புக்கொண்ட பிறகே கணினி ரேடாரை ஏற்கும். அவர் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் 102:38:26 வாக்கில் ஆம்ஸ்ட்ராங்கின் குரல்: புரோகிராம் அலாரம். எண் 1202.

ஸ்டாப்வாட்சை இங்கே அழுத்துங்கள். டியூக் ‘கோ’ என்று திருப்பிச் சொல்லும்வரை எவ்வளவு நேரம் என்று அளந்து பாருங்கள். அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் நடந்தவற்றை மூன்று தடங்களிலும் தனித்தனியே கேளுங்கள். வான்-தரையில் ஆம்ஸ்ட்ராங் விளக்கம் கேட்கிறார். பின்னறைத் தடத்தில் கார்மன், திரும்பத் திரும்ப வராவிட்டால் பிரச்சினை இல்லை என்று பேல்ஸுக்குச் சொல்கிறார். ஃப்ளைட் லூப்பில் பேல்ஸ் கிரான்ஸுக்குக் ‘கோ’ கொடுக்கிறார். கிரான்ஸ் சொல்லி முடிக்கும் முன்பே டியூக் பொத்தானில் விரல் வைத்திருக்கிறார்.

இந்த வேகத்துக்குக் காரணம் சில நாட்களுக்கு முன் நடந்த ஓர் ஒத்திகை. 1969 ஜூலைத் தொடக்கத்தில், ஒத்திகைப் பொறுப்பாளர் டிக் கூஸின் குழு இதே வகை அலாரத்தைக் கணினியில் விட்டது. பேல்ஸ் கைவிடச் சொன்னார், கிரான்ஸ் கைவிட்டார். பிறகு நடந்த அலசலில் அது தவறு என்று முடிவானது: வழிகாட்டலும் எஞ்சினும் சரியாக ஓடும்போது இரண்டாவது சாட்சி இல்லாமல் கைவிட்டிருக்கக் கூடாது. உடனே கிரான்ஸ் எல்லா அலாரங்களுக்கும் விதி எழுதச் சொன்னார். கார்மன் ஒவ்வோர் எண்ணுக்கும் என்ன செய்வது என்று கையால் ஒரு பட்டியல் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். 1202 வந்தபோது அவர் அந்தத் தாளைப் பார்த்தார். ஒத்திகையில் செய்த தவறு ஒளிக்கப்பட்டிருந்தால் உண்மையான இறக்கம் கைவிடப்பட்டிருக்கும். இந்தத் தொழிலில் மிகவும் மதிக்கத்தக்கது இந்த அலசல் பழக்கம்தான் என்பது எங்கள் கருத்து.

அலாரத்தின் பொருளையும் தெரிந்துகொள்ளுங்கள். கலத்தின் கணினி ஒவ்வொரு வேலைக்கும் நினைவகத்தில் ஒரு சிறு இடம் ஒதுக்கும். அப்படி 8 இடங்கள். பெரிய கணக்குகளுக்குக் கூடுதலாக 5. எட்டும் நிரம்பினால் 1202, ஐந்தும் நிரம்பினால் 1201. கொலம்பியாவைக் கண்டுபிடிக்க உதவும் சந்திப்பு ரேடாரின் சுவிட்ச் இருந்த நிலையில், ஒன்றோடொன்று ஒத்திசையாத இரண்டு மின்வழங்கிகளால் பொருளற்ற துடிப்புகள் வந்து, கணினியின் நேரத்தில் சுமார் 15 சதவீதத்தைத் தின்றன. கணினி ஒவ்வொரு முறையும் தன்னை மறுதொடக்கம் செய்து, முக்கிய வேலைகளை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டது. எஞ்சினும் திசையும் ஒரு நொடியும் நழுவவில்லை. விதி ‘திரும்பத் திரும்ப வராவிட்டால்’ என்று சொன்னதன் காரணம் இதுதான்: இடைவிடாமல் வந்தால் வழிகாட்டலும் கெடும்.

அலாரம் ஐந்து முறை வந்தது. நான்கு 1202, ஒரு 1201. உயர வித்தியாசத்தைக் காட்டும் 16-68 திரையைத் தான் அழைத்திருக்கும்போது அலாரம் வருவதாக ஆல்ட்ரின் சொல்கிறார். உடனே தரையில் முடிவு: அந்த எண்ணை நாங்கள் இங்கிருந்து பார்த்துச் சொல்கிறோம், நீங்கள் அழைக்க வேண்டாம். கணினியின் சுமையில் ஒரு பங்கை ஏறக்குறைய நான்கு லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்தவர்கள் தோளில் ஏற்றிக்கொண்ட அழகான கணம் அது. வேகமாகக் கடந்துவிடும், காது வையுங்கள்.

எரிப்பு தொடங்கி 6 நிமிடம் 25 நொடியில் எஞ்சின் விசையைக் குறைக்க வேண்டும். டியூக் அந்த நேரத்தை முன்கூட்டியே சொல்வதையும், அது சரியாக அந்த நொடியில் நடப்பதையும் கேளுங்கள். கணினி குழம்பவில்லை என்பதற்கு அறைக்குக் கிடைத்த மிக நல்ல சாட்சி அது.

கடைசி நிமிடங்கள்: ஸ்டாப்வாட்ச் பயிற்சி

இறங்க ‘கோ’ கொடுத்தபின் சத்தம் குறையும். இனி எரிபொருள் தவிர எதையும் கூப்பிட வேண்டாம் என்று கிரான்ஸ் சொல்கிறார். அந்த அமைதி அறையின் வேலை நின்றுபோனதல்ல. கலத்தைக் கையால் ஓட்டுபவரின் காதைக் காலியாக விடுவதும் வேலைதான்.

இப்போது மிகப் பரவலான தவறு ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். ‘60 நொடி’, ‘30 நொடி’ என்று கூப்பிடுவது எரிபொருள் தீர எவ்வளவு நேரம் என்பதல்ல. ‘பிங்கோ’ கூப்பிட எவ்வளவு நேரம் என்பது. பிங்கோ என்றால் 20 நொடிக்குள் இறங்கு, இல்லையேல் கைவிடு.

நீங்களே செய்து பாருங்கள். கார்ல்டன் ‘லோ லெவல்’ என்று சொல்லும்போது ஸ்டாப்வாட்சைத் தொடங்குங்கள். தொட்டியில் 5.6 சதவீதம் மிச்சம் என்று சென்சார் காட்டிய நொடி அது. அங்கிருந்து 94 நொடியில் பிங்கோ. ஆக, தொடங்கி 34-ஆவது நொடியில் ‘60’, 64-ஆவது நொடியில் ‘30’ வர வேண்டும். பதிவோடு உங்கள் கடிகாரம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். கன்ட்ரோலின் பின்னறையிலும் இதைத்தான் செய்தார்கள். எஞ்சின் விசை நொடிக்கு நொடி மாறும்போது தொட்டி அளவுமானியைவிடக் கைக்கடிகாரம் நம்பகமாக இருந்தது.

சென்சாரே சற்று முந்திக்கொண்டது. தொட்டிக்குள் எரிபொருள் அலைந்ததால் விளக்கு சீக்கிரமே எரிந்துவிட்டது. பின்னர் கணக்கிட்டதில் இன்னும் சுமார் 45 நொடி பறக்க எரிபொருள் இருந்தது. அறையில் யாருக்கும் அது அப்போது தெரியாது.

தொட்ட பிறகு நிறுத்திவிடாதீர்கள்

பெரும்பாலானவர்கள் கைதட்டல் இடத்தில் பதிவை மூடிவிடுவார்கள். கிரான்ஸுக்குக் கொண்டாட நேரம் கிடையாது. தரை தாங்குமா, தொட்டி கசிகிறதா என்று பார்த்து, உடனே கிளம்ப வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். அவசரமாகக் கிளம்பினால் கொலம்பியாவைப் பிடிக்கச் சரியான நேரங்கள் மூன்று: தொட்ட ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் டி1, சுமார் எட்டு நிமிடத்தில் டி2, கொலம்பியா ஒரு சுற்று முடித்து வரும் இரண்டு மணி நேரத்தில் டி3. இந்த வாக்கெடுப்பில் ‘கோ’ என்ற சொல்லை விலக்கிவிட்டார்கள், கிளம்பு என்று யாராவது எடுத்துக்கொள்ளக் கூடாதே. ‘ஸ்டே’ அல்லது ‘நோ ஸ்டே’ மட்டும். குரல்களில் நடுக்கம் தெரிவது இங்கேதான்; வேலை மட்டும் வரிசை மாறவில்லை.

கேட்டு முடித்ததும் ஒரு விதி எழுதிப் பாருங்கள்

விதிப் புத்தகத்தின் வடிவத்தில் ஒரு வரி எழுதுவது கேட்பதைவிட அதிகம் கற்றுத்தரும். 1202-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு: அலாரம் 1202. கட்டம்: இறங்கு எரிப்பு. செயல்: தொடரலாம், இடைவிடாமல் வந்தால் கைவிடு. சாட்சி: திசையும் வேகமும் திட்டத்தோடு ஒத்துப்போகின்றனவா, எஞ்சின் கட்டளைப்படி ஓடுகிறதா.

எழுதியதும் அதை உடைக்கப் பாருங்கள். ‘இடைவிடாமல்’ என்றால் எத்தனை நொடிக்கு எத்தனை முறை? டெலிமெட்ரி போயிருக்கும்போது அலாரம் வந்தால் சாட்சி எங்கிருந்து வரும்? 40,000 அடியில் கைவிடுவதும் 100 அடியில் கைவிடுவதும் ஒன்றா? தரைக்கு மிக அருகில், வேகமாக இறங்கும்போது, கைவிடும் எஞ்சின் எரிந்து கலத்தைத் தூக்கும் முன்பே தரை வந்துவிடும். அதனால் ஒரே கோளாறுக்குக் கட்டம் மாற மாற விதியும் மாறும். நண்பர் ஒருவரை ஒத்திகைப் பொறுப்பாளராக உட்கார வைத்து, உங்கள் விதியில் ஓட்டை தேடச் சொன்னால் இன்னும் நல்லது. ஓட்டை கிடைத்தால் விதியைத் திருத்துங்கள், வாதாடிச் சமாளிக்காதீர்கள்.

அடுத்து எதைக் கேட்பது

1969 நவம்பர் 14, அப்போலோ 12-இன் முதல் மூன்று நிமிடம். கிளம்பி 36.5 நொடியில் ஒரு மின்னல், 52-ஆவது நொடியில் இன்னொன்று. மின்சாரம் தரும் எரிமக் கலங்கள் இணைப்பு அறுந்து, திரையில் பொருளற்ற எண்கள். ஈகாம் மேசையில் ஜான் ஆரன், எஸ்சிஇ (அளவீடுகளை டெலிமெட்ரிக்குத் தயாராக்கும் கருவி) சுவிட்சை ஆக்ஸுக்கு, அதாவது துணை நிலைக்கு, மாற்றச் சொல்கிறார். ஃப்ளைட் டைரக்டர் ஜெரி கிரிஃபினுக்கும் கேப்காமுக்கும் அது என்ன சுவிட்ச் என்றே தெரியவில்லை. இருவரும் திருப்பிக் கேட்பது பதிவில் இருக்கிறது. கலத்தில் ஆலன் பீனுக்குத் தெரிந்திருந்தது. முன்பு ஒரு சோதனையில் மின்னழுத்தம் குறைந்தபோது இதே பொருளற்ற எண்கள் வந்ததைப் பார்த்து, ஏன் என்று ஆரன் அப்போதே தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த சுவிட்ச் டெலிமெட்ரியை மட்டும்தான் மீட்டது. ஆனால் எண்கள் திரும்பியதும் மற்ற எல்லாவற்றையும் வரிசையாகச் சரிசெய்ய முடிந்தது.

அதன் பிறகு அப்போலோ 13, 55:52 முதல் ஒரு மணி நேரம். ஈகாம் தடத்தையும் ஃப்ளைட் லூப்பையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஆக்சிஜன் தொட்டிகளைக் கலக்கச் சொன்ன சற்று நேரத்தில் எல்லா எண்களும் ஒன்றாகக் கெடுகின்றன. ஈகாம் சை லீபர்காட் முதலில் இது அளவுக் கருவிப் பிரச்சினையாக இருக்கலாம் என்கிறார். பின்னாளில் பலர் இதைக் குறை சொன்னதுண்டு, அது நியாயமில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இத்தனை பொருட்கள் ஒரே நொடியில் கெடுவதைவிட, அவற்றை அளக்கும் ஓர் அமைப்பு கெடுவதற்கே வாய்ப்பு அதிகம். போதாததற்கு அந்த இரண்டாம் தொட்டியின் அளவுமானி ஒன்பது மணி நேரம் முன்பே உண்மையாகக் கெட்டிருந்தது. அவருடைய கருத்து மாறும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள்: முதல் தொட்டியின் அழுத்தமும் மெதுவாக, சீராக இறங்குகிறது. கெட்ட கருவி குதிக்கும், சீராக இறங்காது. சிறிது நேரத்தில் எரிமக் கலங்களுக்குப் போகும் வால்வுகளை மூடலாமா என்ற கேள்வி வருகிறது. மூடினால் மறுபடி திறக்க முடியாது, நிலவில் இறங்குவது அத்தோடு முடிந்தது. மூன்றாம் எரிமக் கலத்தின் வால்வை மூடச் சொல்வதற்கு முன் கிரான்ஸ் எத்தனை முறை உறுதிப்படுத்திக்கொள்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.